பிணமாக நடித்தவர் சிரிக்க வேண்டும்

என் அண்ணன் ஒரு படத்தில் பிணமாக நடித்திருக்கிறார். இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு "ஐயோ, அதுக்கெல்லாமா ஒத்துக்கிட்டாரு?" என்று கேட்கிறார்கள். நான் எதையும் எடுத்து விளக்கிச் சொல்லுகிற ஆள் இல்லை. நாலு பேர் சேர்ந்து நின்றால் ரோட்டை விட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிறவன். படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். மலையில் வெட்டிய கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றித் தோட்டத்து ஆலைக்குக் கொண்டுவருவார். அந்த ஆலையில் கொழுந்தை வாட்டுகிற மாடியில் எனக்கு வேலை. பெரிய பெரிய காற்றாடிகள் இரைந்துகொண்டே இருக்கும், யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எனக்கென்றே ஏற்பட்ட வேலை. தம்பி தோட்டத்தை விட்டுப் போய்ப் பக்கத்து ஊரான கியா பார்மில் ரோட்டோரம் காய்கறிக் கடை வைத்திருக்கிறான். எனக்குச் சேர வேண்டிய பேச்சையும் அவனே பேசிவிடுவான்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அண்ணி நோயில் விழுந்து, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கும் ஈப்போ ஆஸ்பத்திரிக்கும் அலைந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அண்ணன் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வருஷத் திதி வரைக்கும் இருப்பேன். அதச் செஞ்சி முடிச்சிட்டு நானும் கெளம்பிடுவேன்" என்றார்.

அழவில்லை. ரிங்லெட்டுக்குப் போய் டயர் மாத்திட்டு வர்றேன் என்று சொல்லுவாரே, அதே குரல். அண்ணன் சொன்னதைச் செய்துவிடுகிறவர்.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில்தான் படுக்கை. டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் நல்ல விதமாகத்தான் பேசினார். அண்ணனும் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு வந்து, பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலைக்குப் போவார், வருவார். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. என் மனைவி கோழி சமைத்தாள், ஆட்டுக்கறி சமைத்தாள். அவர் கஞ்சியை மட்டும் குடித்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். தம்பி ஒருநாள் வந்து வீட்டிலிருந்த கத்தி, கயிறு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நாள் என் மனைவி வெங்காயத்தைத் துணி வெட்டும் கத்தரிக்கோலால் நறுக்கினாள். "ஒங்க அண்ணன் இருக்காரோ இல்லையோ, நான் இந்த வெங்காயத்துலயே போயிடுவேன்" என்றாள்.

எனக்கு அவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்பேன். அவர் "ம்" என்பார். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் வார்த்தை கிடையாது.

வருஷத் திதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்கிற நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். எல்லாரும் சின்ன வயசுக்காரர்கள். டைரக்டர் ஒரு பெண், தலைமுடியைக் கிராப்பு வெட்டியிருந்தது. கதை என்னவென்றால், பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு தம்பிகள் செத்துப்போன அண்ணனை எரிக்க எடுத்துக்கொண்டு போகிறார்கள், வழியெல்லாம் சண்டை, வழியெல்லாம் சிரிப்பு. தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கி, எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் பந்தல் போட்டு, பாடை கட்டினார்கள்.

பிணமாக நடிக்க ஈப்போவிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். கீழே வெயிலில் பிறந்து வளர்ந்த மனிதர். இங்கே காலைப் பனியில் சட்டையில்லாமல் படுக்க வைத்ததும் நடுங்க ஆரம்பித்தார். பாடையே கூட நடுங்கியது. போர்வை போட்டால் போர்வை நடுங்கியது. அடுத்த நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டு ஊருக்குப் போய்விட்டார்.

டைரக்டர் பெண் லைனில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். குளிருக்குப் பழகிய ஆள் ஒருத்தர் சும்மா படுத்திருந்தால் போதும் என்றாள். யார் ஒத்துக்கொள்வார்கள்? ஒரு வீட்டில் கதவையே சாத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டு அக்கா, "ஒங்க அப்பாவக் கூட்டியாந்து படுக்க வைம்மா" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அண்ணன் உள்ளே இருந்தபடியே கேட்டார்.

"படுத்துத்தானே கெடக்கணும்?"

"ஆமா அங்கிள். கண்ண மூடிக்கிட்டு."

"சரி. பழகிக்கலாம்."

என் மனைவி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். "மாமா, வெளையாட்டுக்குக்கூட அப்பிடிச் சொல்லாதீங்க."

"நான் எங்கம்மா வெளையாடினேன்?" என்று சொல்லிவிட்டு அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் ஓடினேன். ஓடிக்கொண்டே தம்பிக்குப் போன் செய்தேன். நான் போனில் பேசுவதே அபூர்வம். குரலைக் கேட்டதும் அவன் விஷயத்தை முழுசாகக் கேட்காமல் கடையைச் சாத்திவிட்டுப் புறப்பட்டுவிட்டான். அவன் வந்து இறங்கியபோது அண்ணன் பாடையில் நீட்டிப் படுத்திருந்தார். நெற்றியில் காசு, தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி, கழுத்தில் மாலை, மூக்கில் பஞ்சு. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பிணம் பேசியது.

"பஞ்சக் கொஞ்சம் தளத்தி வைம்மா. மூச்சு விடணும்."

மேக்கப் போடுகிற பெண் சொன்னாள்: "அங்கிள், பொணம் மூச்சு விடாது லா."

"அப்பிடியா? சரி, விடல."

தம்பிக்கு உயிர் வந்தது. வந்ததும் கோபம் வந்தது. "சின்னண்ணே, நீயெல்லாம் ஒரு மனுசனா? போன்ல 'அண்ணன் பாடையில படுத்திருக்காரு'ன்னு மட்டும் சொன்னா நான் என்னான்னு நெனைக்கிறது?" என்று என் முதுகில் ஓங்கி அடித்தான். ரோட்டு வளைவு ஒவ்வொன்றிலும் அழுதுகொண்டே வந்தானாம்.

கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நான் நினைத்தேன். டைரக்டர் பெண் என்னைக் கையைக் காட்டினாள். "அந்த அங்கிள் மொகம் எனக்கு வேணும். எழவு வீட்டுக்குன்னே செஞ்ச மொகம்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. பிணத்தின் சொந்தக்காரனாக வந்து தலைமாட்டில் நின்று, 'அண்ணே, எங்கள விட்டுட்டுப் போயிட்டியேண்ணே' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி அழ வேண்டுமாம். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டுவதற்குள் என் சட்டைக்குள் மைக்கைச் சொருகிவிட்டார்கள்.

முதல் தடவை வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மீன் மாதிரி இருந்தது என்று தம்பி பின்னால் சொன்னான். "கொஞ்சம் சத்தமா, அங்கிள்" என்றாள் டைரக்டர். இரண்டாவது தடவை மொத்தப் பயத்தையும் சேர்த்துக் கத்திவிட்டேன். மேட்டில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன்கள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். லைன் நாய்கள் எல்லாம் குரைத்தன. "அவ்வளவு வேணாம், அங்கிள். வீட்டுல அண்ணன்கிட்ட எப்பிடிப் பேசுவீங்களோ அப்பிடிப் பேசுங்க. அது போதும்."

வீட்டில் பேசுவது மாதிரி. நான் போய்த் தலைமாட்டில் நின்றேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு மாலைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அவர் நிஜமாகவே போய்விட்டவர் மாதிரி இருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சொல்ல வேண்டிய வார்த்தை அத்தனையும் மறந்துபோய், ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது.

"சாப்பிட்டியாண்ணே?"

தப்பு அடிக்கிறவர்கள் குச்சியைத் தூக்கியபடி நின்றார்கள். அப்போது பிணத்தின் வயிறு ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு மாலை குதிக்கிற அளவுக்கு. தாடை கட்டியிருந்ததால் வாய் திறக்க முடியவில்லை. மூக்கிலிருந்து ஒரு பஞ்சு பறந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பிணம் சொல்லியது:

"இன்னும் இல்லடா."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் வேலை நடக்கவில்லை. டைரக்டர் பெண் நாற்காலியை விட்டுக் கீழே உட்கார்ந்து சிரித்தாள். தம்பி பந்தல் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தான். நான் மட்டும் அண்ணன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி போனபிறகு அந்த வயிறு சிரித்து நான் பார்த்ததில்லை.

எப்படியோ சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சியை எடுத்து முடித்தார்கள். நான் சொல்ல வேண்டிய வார்த்தையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் அழுத அழுகையில் பாடை வைத்திருந்த பெஞ்சு சரிந்துவிட்டது.

முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால் கேமராக்காரர் விடவில்லை. அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் வயதானவர், சென்னையில் பல வருஷம் வேலை செய்தவர். "பொணமா படுத்தவர அப்பிடியே எழுப்பி அனுப்பக் கூடாது" என்றார். "குளிச்சி, சொந்தச் சட்ட போட்டுக்கிட்டு வந்து, கேமராவப் பாத்துச் சிரிக்கணும். அத எடுத்தாத்தான் வேல முடிஞ்சதா அர்த்தம். இல்லன்னா ஆளுக்கு ஆகாது."

"அதான் அப்பவே சிரிச்சாரே" என்றான் தம்பி.

"அது பொணம் சிரிச்சது. மனுசன் சிரிக்கணும்."

திருஷ்டிக்குப் பூசணிக்காயும் உடைக்க வேண்டும் என்றார். தம்பி காய்கறி ஏற்றுகிற தன் லோரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். வெளியூர்க்காரர்கள் வாங்குகிற ஜப்பான் பூசணி, கைக்கு அடக்கமாகப் பச்சையாக இருந்தது. ஓங்கித் தரையில் அடித்தான். அது பந்து மாதிரி எழும்பி உருண்டு சரிவில் இறங்கித் தேயிலைக்குள் போய்விட்டது. அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து திரும்ப அடித்தான், திரும்பவும் உருண்டது. கடைசியில் லோரி டயருக்கு அடியில் வைத்துத்தான் உடைத்தோம்.

இத்தனை கூத்தும் நடந்தபோது அண்ணன் குளித்து, தலை சீவி, நீலச் சட்டை போட்டுக்கொண்டு கேமராவுக்கு முன்னால் நின்றார். சிரிங்க என்றார்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது இருக்குமே, அந்த முகம். தம்பி தனக்குத் தெரிந்த ஜோக் எல்லாவற்றையும் சொன்னான். அதில் பாதிக்கு மேல், பெண்கள் இருக்கிற இடத்தில் சொல்லக் கூடாதவை. மேக்கப் பெண் ஆடிக் காட்டினாள். என்னைத் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தி, "அதையே கேளுங்க அங்கிள்" என்றார்கள். "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டேன். "ம்" என்றார். அவ்வளவுதான். அதற்குள் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து அண்ணனையும் மறைத்து எங்களையும் மறைத்துவிட்டது.

மறுநாள் காலையில் அவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். கேமராக்காரர் முகமே சரியில்லை. டைரக்டர் பெண்தான், "அதெல்லாம் ஒன்னும் ஆகாது அங்கிள். நான் இன்னொரு நாள் சின்ன கேமராவோட வந்து எடுத்துக்கறேன். ஒங்களுக்கு முடியுமா?" என்றாள்.

அண்ணன் யோசித்தார். லோரி ஓட்டும்போது பாதி வழியில் கொழுந்தை இறக்கிவிட்டு வந்ததாக அவருக்குச் சரித்திரம் இல்லை. "வேலைய எடுத்தா முடிச்சிக் குடுக்கணும்" என்றார். "நீ வாம்மா. அது முடியிற வரைக்கும் நான் எங்கயும் போகல."

தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லோரிக்குப் பின்னால் போனான். "கேட்டியா? எங்கயும் போகலங்கிறாரு."

"கேட்டேன்."

"இனிமே அவரு சிரிக்கக் கூடாது, சின்னண்ணே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணனை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தவித்த நாங்கள், அன்றிலிருந்து அவர் சிரித்துவிடக் கூடாதே என்று தவிக்க ஆரம்பித்தோம். சிரிப்பைப் படம் எடுக்காத வரைக்கும் அண்ணன் இருப்பார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மண்டை சுற்றுகிறது.

டைரக்டர் பெண் தம்பியின் நம்பருக்குத்தான் போன் செய்வாள். அடுத்த வாரம் வரட்டுமா என்பாள். தம்பி கொஞ்சமும் யோசிக்காமல், "ஐயோ, வராதீங்க, ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்கு" என்பான். எங்கள் மலையில் மழைக்கு மண் சரிவது வழக்கம்தான், அதனால் அவளும் நம்பினாள். இன்னொரு வாரம், பள்ளி விடுமுறை, சுற்றிப்பார்க்க வந்தவர்களின் காடிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு மலையில் அசையாமல் நிற்கின்றன என்றான். அப்புறம் மறுபடி மண் சரிந்தது. அந்த மழையில்லாத மாதத்தில் என் தம்பி சரித்த மண்ணைக் கூட்டினால் ரிங்லெட் ஏரியே மூடிப்போயிருக்கும்.

வருஷத் திதி வந்தது. அன்றைக்கு நான் ஆலைக்குப் போகவில்லை. அண்ணன் குளித்து, எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். அண்ணி படத்துக்கு முன்னால் படையல் வைத்துச் சூடம் காட்டினார். நானும் தம்பியும் அவருக்கு இரண்டு பக்கமும், பிடிக்கத் தயாராக நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். அவர் படத்தைப் பார்த்து, பக்கத்துக் கடைக்குப் போன மனைவியிடம் சொல்வது மாதிரி சொன்னார்:

"கொஞ்சம் பொறு. ஒரு வேல பாக்கியிருக்கு. அந்தப் புள்ள ரோடு சரியில்லாம வர முடியாம கெடக்குது."

தம்பி வெளியே ஓடிப்போய்க் குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டே இருந்தான். அழுதானா சிரித்தானா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே நிலைதான்.

ஆனால் பொய்க்கு ஒரு முடிவு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போன் எதுவும் செய்யாமல், ஒரு சின்ன வெள்ளைக் காடி எங்கள் வாசலில் வந்து நின்றது. டைரக்டர் பெண் இறங்கினாள். "ரோடெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றாள். தம்பி அன்றைக்கு இங்கேதான் இருந்தான். "நேத்துத்தான் அள்ளினாங்க" என்றான்.

அண்ணன் உடனே உள்ளே போய் அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் நிற்க வைத்தாள். வெயில் நன்றாக இருந்தது, பனியைக் கண்ணிலேயே காணவில்லை. வேறு நாளாக இருந்தால் இந்த நேரத்துக்கு இறங்கியிருக்கும். அன்றைக்குப் பார்த்து மலை மொட்டையாக நின்றது.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன். இருவரும் கேமராவுக்குப் பின்னால் போய், அண்ணன் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டோம். நான் எனக்கு இயற்கையாக அமைந்த முகத்தை வைத்துக்கொண்டேன். தம்பி துக்கச் செய்திகளை ஆரம்பித்தான். "முட்டைக்கோஸ் அழுகிடுச்சிண்ணே. தக்காளி சுத்தமா போச்சு. ரிங்லெட்டுல அந்தக் கோழிக்கடைக்காரரு தவறிட்டாராம், பாவம்." அண்ணன், "அவரு போன தீபாவளிக்கே தவறிட்டாரேடா" என்றார். "ஆமாண்ணே, நெனச்சா இன்னும் வருத்தமா இருக்கு."

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்டா ரெண்டு பேரும் எனக்கு எழவு விழுந்த மாதிரி நிக்கிறீங்க?"

தம்பிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. அவன் பேசாத இடத்தில் நான் பேச வேண்டியதாகிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அந்தப் பெண்ணுக்கு முன்னால், என் மனைவிக்கு முன்னால், வேலி ஓரம் வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முன்னால் சொன்னேன்.

"சிரிக்காதண்ணே."

"ஏன்?"

"சிரிச்சா வேல முடிஞ்சிடும். முடிஞ்சா நீ போயிடுவ."

அவருக்குள் ஏதோ கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த மண்ணு சரிஞ்சது?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நான்தாண்ணே சரிச்சேன்."

"ரெண்டு தடவையுமா?"

"மூணுண்ணே. ஒன்னு ஒங்கிட்ட சொல்லல."

அண்ணன் வாயிலிருந்து முதலில் சிரிப்பு வரவில்லை, விக்கல் மாதிரி ஏதோ வந்தது. பிறகு தோள் குலுங்கியது. ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார், அது தாங்கவில்லை, செடி மேலேயே சாய்ந்துவிட்டார். "மலைய... மலையச் சரிச்சிருக்கான் பாருடா" என்று என்னிடம் தம்பியைக் கையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். கண்ணீர் ஓடியது. நான் முன்னால் ஓடி, "அண்ணே, வேணாண்ணே, நிறுத்துண்ணே" என்று அவர் வாயைப் பொத்தப் போனேன். அதைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தார். தம்பி கேமராவுக்கு முன்னால் குறுக்கே விழுந்தான். டைரக்டர் பெண் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்களைச் சுற்றி ஓடி ஓடி எடுத்தாள்.

முடிந்துவிட்டது. அண்ணன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நானும் தம்பியும் செடிகளுக்கு நடுவில் மூச்சு வாங்க நின்றோம். வேலை முடிந்துவிட்டது. இனி அவரை எதைச் சொல்லிப் பிடித்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கு அங்கிள்" என்றாள் டைரக்டர். "படம் முடிஞ்சி பேரெல்லாம் ஓடும்ல, அப்போ இதத்தான் போடப் போறேன். பாருங்க."

அண்ணன் கேமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"இத எல்லாரும் பாப்பாங்களாம்மா?"

"பாப்பாங்க அங்கிள்."

"அப்ப அழிச்சிடு."

"ஏன் அங்கிள்?"

"பல்லப் பாரு."

நாங்களும் எட்டிப் பார்த்தோம். திரையில் அண்ணன் வாயை முழுசாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். மேல் வரிசையில் முன்பற்கள் இருந்தன, இரண்டு பக்கமும் ஓரத்தில் ஒன்றுமே இல்லை, அடிக்கட்டைகள்தான் இருந்தன. ஒரு வருஷமாக அவர் வாய்விட்டுச் சிரிக்காததால் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, அதனாலதான் கறியத் தொடலையா?"

"எல்லாத்துக்கும் அதுன்னு சொல்ல முடியாது" என்றார் அண்ணன். கொஞ்சம் வெட்கப்பட்டது மாதிரி இருந்தது. "ஆனா அந்த ஆட்டுக்கறி பாக்கும்போது ஆசையாத்தான் இருந்திச்சி."

"ஒரு வருஷம்" என்றாள் என் மனைவி. "ஒரு வருஷம் என் சமையல் பிடிக்கலைன்னு நெனச்சி நெனச்சி அழுதேன் நான்." அவள் திட்ட ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். வெங்காயம் நறுக்கிய கத்தரிக்கோலிலிருந்து தொடங்கினாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"நீ இத அழிச்சிடும்மா. நான் பல்லு கட்டிட்டுச் சொல்றேன். அப்ப வந்து எடு. இந்த வாயோட ஊரு முன்னால நிக்க முடியாது."

அந்தப் பெண் அதை அழிக்கவில்லை என்று நினைக்கிறேன். அழித்துவிட்டதாகத்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் நாங்கள் மூன்று பேரும் தம்பி லோரியில் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போனோம். பல் டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். கட்டைகளைப் பிடுங்க வேண்டும், ஈறு ஆற வேண்டும், அப்புறம்தான் அளவு எடுத்துப் பல் கட்ட முடியும், சில மாதங்கள் ஆகும் என்றார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

"பொங்கலுக்குள்ள முடியாதா?" என்று மலாயில் கேட்டார் அண்ணன்.

முடியாது என்றார் டாக்டர்.

"சித்திரைக்கு?"

பார்க்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்து, லோரிக்குச் சாமான் கிடைக்காதபோது சலித்துக்கொள்வாரே, அதே மாதிரி, "சித்திரையாம்டா" என்றார். தம்பி என் தொடையைக் கிள்ளினான். எனக்குச் சிரிப்பு முட்டியது. அந்த அமைதியான அறையில், படம் போட்ட ஈறுகளும் பற்களும் சுற்றிலும் தொங்குகிற இடத்தில், என்னால் அடக்க முடியவில்லை. டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.

கதவு கொஞ்சம் திறந்துதான் இருந்தது. உள்ளே அண்ணன் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கட்டின பல்லில் ஆட்டுக்கறி கடிக்கலாமா, எலும்பு கடிக்கலாமா, தூங்கும்போது கழற்ற வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பல் என்ன நிறத்தில் வேண்டும் என்று டாக்டர் கேட்டார் போலிருக்கிறது.

"ரொம்ப வெள்ளையா வேணாம், டாக்டர்" என்றார் அண்ணன். "என் வயசுக்கு அது நல்லா இருக்காது."

மாதிரிப் பற்களை மேசை மேல் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடி அண்ணன் குரல்.

"இல்ல, கொஞ்சம் வெள்ளையாவே இருக்கட்டும்."